மசோதா சட்டமாகும் வரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற சில வாரங்களாக வரும் கடிதங்களில் பெரும்பகுதி நாடாளுமன்றத்தில் சட்டம் இயற்றப்படும் முறையைப் பற்றியதாகவே இருக்கிறது. ஒரே ஐயத்தைப் பலர் வெவ்வேறு விதமாகக் கேட்டிருப்பதால், எட்டுக் கடிதங்களைத் தேர்ந்தெடுத்து இந்த இதழ் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

உயர்நிலைப் பள்ளியில் குடிமையியல் நடத்துகிறேன். "ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதா மக்களவையில் நிறைவேறியது" என்று ஒரு மாணவன் தேர்வில் எழுதியிருந்தான். அறிமுகம்தான் ஆனது என்று திருத்தினேன். "வாக்கெடுப்பு நடந்ததே டீச்சர்" என்றான். அவனுக்கு எப்படி விளக்குவது? (ஓர் ஆசிரியை, விருதுநகர்)

உங்கள் மாணவன் செய்தியைக் கவனமாகப் படித்திருக்கிறான். 2024 டிசம்பர் 17 அன்று மக்களவையில் வாக்கெடுப்பு நடந்தது உண்மை. ஆதரவாக 269 பேரும் எதிராக 198 பேரும் வாக்களித்தார்கள். ஆனால் அந்த வாக்கெடுப்பு மசோதாவை ஏற்பதா என்பதற்காக நடக்கவில்லை. மசோதாவை அவையின் முன் வைப்பதற்கு அமைச்சருக்கு அனுமதி தரலாமா என்பதற்காக நடந்தது. வழக்கமாக இந்த அனுமதி எதிர்ப்பின்றிக் கிடைத்துவிடும் என்பதால் அது ஒரு சடங்கு போலத் தோன்றுகிறது. அன்று எதிர்க்கட்சிகள் எதிர்த்ததால் எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று. அனுமதிக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். அரசியலமைப்புத் திருத்தமான அம்மசோதா நிறைவேற வேண்டுமானால் அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோரும், வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினரும் ஆதரிக்க வேண்டும். அன்று வாக்களித்த 467 பேரில் மூன்றில் இரண்டு பங்கு என்றால் 312. இந்தக் கணக்கை வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டினால், அறிமுகத்துக்கும் நிறைவேற்றத்துக்கும் உள்ள இடைவெளி மாணவர்களுக்குத் தானாகவே விளங்கிவிடும்.

அறிமுகத்துக்கு முன்பே மசோதா வெகுதூரம் நடந்து வந்திருக்கிறது. எந்தத் துறையின் பொருளோ அந்த அமைச்சகம் கொள்கையை வகுக்கும். சட்ட அமைச்சகத்தில் இதற்கென்றே உள்ள துறையினர் அதைச் சட்ட வாசகமாக எழுதுவார்கள். அமைச்சரவை ஒப்புதல் தந்த பிறகே அது அவைக்கு வரும். வந்த பின் ஒவ்வோர் அவையிலும் மூன்று வாசிப்புகள். அச்சுப் பிரதிகள் அரிதாக இருந்த காலத்தில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மசோதாவை உறுப்பினர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டிய வழக்கத்திலிருந்து வந்த பெயர் அது. முதல் வாசிப்பு என்பது அறிமுகமும் அரசிதழ் வெளியீடும். மூன்றாம் வாசிப்பில் மசோதாவை ஏற்கலாமா கூடாதா என்று மட்டுமே பேச முடியும். சொற்பிழை திருத்தம் போன்றவை தவிர வேறு மாற்றம் செய்ய இயலாது.

ஆகவே சட்டத்தின் உண்மையான உருவாக்கம் நடக்குமிடம் இரண்டாம் வாசிப்பு. முதலில் மசோதாவின் அடிப்படை நோக்கத்தைப் பற்றி விவாதிப்பார்கள். அதைக் குழு ஒன்றின் ஆய்வுக்கு அனுப்புவதா, மக்கள் கருத்தறியச் சுற்றுக்கு விடுவதா, நேரடியாக எடுத்துக்கொள்வதா என்ற முடிவும் அப்போதுதான். அதன் பின் பிரிவு பிரிவாக எடுத்து, ஒவ்வொரு பிரிவுக்கும் வந்துள்ள திருத்தங்களை வாக்குக்கு விட்டு, அந்தப் பிரிவு மசோதாவின் பகுதியாக இருக்கலாமா என்று தனித்தனியே கேட்பார்கள். இரண்டாம் பிரிவிலிருந்து தொடங்கி, அட்டவணைகளையும் முடித்த பிறகே சட்டத்தின் பெயரைச் சொல்லும் முதல் பிரிவும் தலைப்பும் வாக்குக்கு வரும். உள்ளடக்கம் முடிவான பிறகு பெயர் என்னும் இந்த வரிசையில் ஓர் ஒழுங்கு இருப்பதாக எனக்கு எப்போதும் தோன்றுவதுண்டு. ஓர் அவை இவ்வாறு நிறைவேற்றிய பின் மற்ற அவையிலும் இதே படிகள். பிறகு குடியரசுத் தலைவரின் ஒப்புதல். அந்த ஒப்புதல் கிடைக்கும் நொடி வரை அதன் பெயர் மசோதாதான்.

மசோதா ஒன்றைப் பற்றி எங்கள் தொகுதி உறுப்பினருக்கு இரண்டு முறை கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை. எங்களைப் போன்றவர்களின் சொல் சட்டத்தில் இடம்பெற வழியே கிடையாதா? (ஒரு வாசகர், தென்காசி)

வழி உண்டு. அது குறுகிக்கொண்டே வருகிறது என்பதுதான் வருத்தத்துக்குரிய செய்தி. இந்தக் கேள்விக்கு மற்றவற்றைவிட நீளமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

முதல் வாசல் மசோதா அவைக்கு வருவதற்கு முன்பே திறக்க வேண்டியது. வரைவை அமைச்சகம் பொதுவெளியில் வைத்துக் குறைந்தது 30 நாட்கள் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்று மத்திய அரசு 2014இல் ஒரு கொள்கை வகுத்தது. அது கொள்கைதான், சட்டம் அன்று. பின்பற்றாவிட்டால் மசோதா செல்லாமல் போய்விடாது.

இரண்டாவது வாசல் நாடாளுமன்றக் குழு. துறைசார் நிலைக்குழுக்கள் 1993இல் 17 என்ற எண்ணிக்கையில் தொடங்கின. 2004இல் 24 ஆயின. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர் என 31 உறுப்பினர்கள். மசோதா குழுவுக்கு அனுப்பப்பட்டால், குழு அமைச்சக அதிகாரிகளை அழைத்துக் கேள்வி கேட்கும், வல்லுநர்களின் கருத்தைப் பெறும், பல மசோதாக்களில் நாளிதழ் விளம்பரம் வாயிலாகப் பொதுமக்களின் எழுத்துவழிக் கருத்துகளையும் வரவேற்கும். குழுக் கூட்டங்கள் மூடிய அறையில் நடப்பதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் ஒரு நன்மை தெரிகிறது. அங்கே தொலைக்காட்சிக்காகப் பேச வேண்டியதில்லை. இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்னும் கட்சிக் கொறடாவின் ஆணையும் அங்கே செல்லாது. ஆகையால் ஆளுங்கட்சி உறுப்பினரே தம் அரசின் மசோதாவில் ஒரு பிரிவு தவறு என்று சொல்ல முடிகிறது. குழுவின் அறிக்கை பின்னர் அவையில் வைக்கப்படுவதால் எல்லோரும் படிக்கலாம்.

இது வெறும் ஏட்டளவில் இல்லை என்பதற்கு வாடகைத் தாய்ச் சட்டம் நல்ல சான்று. 2016இல் கொண்டுவந்த மசோதாவும் 2019இல் மீண்டும் வந்த மசோதாவும் நெருங்கிய உறவினர் ஒருவரே வாடகைத் தாயாக இருக்கலாம் என்றன. தம்பதியர் ஐந்தாண்டுகள் குழந்தைப்பேறு இல்லாமல் இருந்திருக்க வேண்டும் என்றும், வாடகைத் தாய்க்கு 16 மாதக் காப்பீடு போதும் என்றும் இருந்தது. கணவரை இழந்தவர்களுக்கும் மணமுறிவு பெற்றவர்களுக்கும் இடமில்லை. 2019 நவம்பரில் மாநிலங்களவை இதை, ஒரு மசோதாவை ஆராய்வதற்கென்றே அமைக்கப்படும் தெரிவுக்குழுவுக்கு அனுப்பியது. 2020 பிப்ரவரியில் வந்த குழுவின் அறிக்கை, நெருங்கிய உறவினர் என்ற நிபந்தனையை நீக்கி விருப்பமுள்ள பெண் என்று மாற்றவும், ஐந்தாண்டு நிபந்தனையை விடவும், 35 முதல் 45 வயது வரையுள்ள கைம்பெண்களையும் மணமுறிவு பெற்றவர்களையும் சேர்க்கவும், காப்பீட்டை 36 மாதங்களாக உயர்த்தவும் பரிந்துரைத்தது. 2021 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தில் இம்மாற்றங்கள் இடம்பெற்றன. அச்சட்டத்தில் எனக்கு இன்னும் பல மனக்குறைகள் உண்டு. ஆனாலும் எங்கோ ஒரு பெண்ணின் வாழ்க்கையை நேரடியாகத் தொடுகிற அந்தச் சொற்களை மாற்றியது அவையில் நடந்த மேசைத் தட்டல் அன்று, குழுவில் நடந்த பொறுமையான உழைப்பு.

இனி அந்த வாசல் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்ப்போம். 2009 முதல் 2014 வரையிலான 15ஆவது மக்களவைக் காலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 71 மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. அடுத்த மக்களவையில் அது நூற்றுக்கு 25 என்ற அளவுக்கு இறங்கியது; 2019 முதல் 2024 வரையிலான 17ஆவது மக்களவையில் 16 ஆனது. குழுவுக்கு அனுப்பினால் காலம் வீணாகும் என்று அரசுத் தரப்பு சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. சில மசோதாக்கள் குழுக்களிலேயே ஆண்டுக்கணக்கில் உறங்கியிருக்கின்றன. இருந்தாலும், தவறாக எழுதப்பட்ட ஒரு பிரிவால் நீதிமன்றங்களில் கழியும் ஆண்டுகளையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் குழுவில் செலவாகும் மாதங்கள் மிகக் குறைவு என்பதே என் உறுதியான கருத்து.

நீங்கள் செய்யக்கூடியது இது. மசோதா குழுவுக்குப் போனதா என்பதை மக்களவை, மாநிலங்களவை இணையதளங்களில் பார்க்கலாம். கருத்து அனுப்பப் பெரும்பாலும் இரண்டு வாரமளவே அவகாசம் தருகிறார்கள் என்பதால் தாமதிக்கக் கூடாது. "இந்த மசோதா மக்களுக்கு விரோதமானது" என்று எழுதுவதால் பயனில்லை. எத்தனையாவது பிரிவு, அதில் எந்தச் சொல், அதனால் யாருக்கு என்ன பாதிப்பு, அதற்கு மாற்றாக எப்படி எழுதலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். நேரில் சாட்சியம் அளிக்க விருப்பமென்றால் அதையும் குறிப்பிடலாம். கருத்துகளை ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் அனுப்புமாறு விளம்பரங்கள் கேட்கின்றன. தமிழில் மட்டுமே எழுதத் தெரிந்த ஓர் உழவர், தம் நிலத்தைப் பற்றிய மசோதாவுக்குத் தம் மொழியில் கருத்துச் சொல்ல இடமில்லை என்பது பெரிய குறை. தென்னகத்து உறுப்பினர்கள் இதை விடாமல் எழுப்ப வேண்டும்.

குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது என்று செய்திகளில் படிக்கிறோம். யார் குரல் ஓங்கி ஒலிக்கிறதோ அவர்களுக்கு வெற்றியா? (ஒரு கல்லூரி மாணவர், மதுரை)

அப்படியில்லை. ஆதரிப்போர் ஆம் என்றும் எதிர்ப்போர் இல்லை என்றும் சொல்லும்போது, எந்தத் தரப்பு மிகுதி என்று தமக்குத் தோன்றுவதை அவைத் தலைவர் அறிவிப்பார். அது ஒரு முதற்கட்டக் கருத்து மட்டுமே. உறுப்பினர் ஒருவர் அதை மறுத்து, எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் டிவிஷன் முறைக்குப் போக வேண்டும். மக்களவையில் மூன்றரை நிமிடம் மணி ஒலிக்கும். நூலகத்திலும் உணவகத்திலும் இருப்பவர்கள் ஓடிவருவதற்கான அவகாசம் அது. பிறகு கதவுகள் சாத்தப்படும். அவரவர் இருக்கையில் உள்ள பொத்தான்களில் பச்சை ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு, மஞ்சள் நடுநிலை. யார் எப்படி வாக்களித்தார் என்பது பெயரோடு பதிவாகும்.

பெயர் பதிவாவதுதான் இதில் முக்கியம். குரல் வாக்கெடுப்பில் உங்கள் தொகுதி உறுப்பினர் எந்தப் பக்கம் நின்றார் என்பதற்கு எந்த ஆவணமும் இல்லை. எதிர்ப்பில்லாத மசோதாவுக்கு அது போதுமானது. நாடே இரண்டாகப் பிரிந்து நிற்கும் மசோதாவுக்குப் போதாது.

2020 செப்டம்பர் 20 அன்று மூன்று வேளாண் மசோதாக்களில் இரண்டு மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டன. தெரிவுக்குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்ற தங்கள் தீர்மானங்களின் மீது டிவிஷன் கேட்டும் மறுக்கப்பட்டது என்பது எதிர்க்கட்சிகளின் குற்றச்சாட்டு. உறுப்பினர்கள் தம் இருக்கையிலிருந்து கேட்கவில்லை, அவையில் ஒழுங்கு இல்லை என்பது அவையை நடத்தியவர்களின் விளக்கம். மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஓராண்டுக்கு மேல் நீடித்த உழவர் போராட்டத்துக்குப் பின், 2021 நவம்பர் 29 அன்று அந்த மூன்று சட்டங்களையும் நீக்கும் மசோதா இரு அவைகளிலும் ஒரே நாளில் விவாதம் இல்லாமல் நிறைவேறியது. இயற்றியபோதும் முழுதாக விவாதிக்கவில்லை, நீக்கியபோதும் விவாதிக்கவில்லை. சட்டங்களின் நன்மை தீமையைப் பற்றி யார் எந்த நிலைப்பாடு எடுத்தாலும், இந்த இரண்டு நாட்களும் நாடாளுமன்றத்துக்குப் பெருமை சேர்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா 27 ஆண்டுகள் கிடந்தது என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் "காலாவதியானது" என்று எழுதினார்களே, மசோதாவுக்குக் காலாவதித் தேதி உண்டா? (ஓர் ஊராட்சி மன்ற முன்னாள் தலைவி, திண்டுக்கல் மாவட்டம்)

தேதி கிடையாது. ஆனால் மக்களவையின் ஆயுளோடு பல மசோதாக்களின் ஆயுளும் கட்டப்பட்டிருக்கிறது. கூட்டத்தொடர் முடிவதால் எந்த மசோதாவும் அழிவதில்லை. மக்களவை கலைந்தால், அங்கே நிலுவையில் உள்ள மசோதாவும், அங்கே நிறைவேறி மாநிலங்களவையில் காத்திருக்கும் மசோதாவும் அதோடு முடிந்துவிடும். மாநிலங்களவையில் தொடங்கி, மக்களவைக்கு இன்னும் போகாத மசோதா மட்டும் தப்பும்; மாநிலங்களவை கலைக்கப்படாத நிரந்தர அவை என்பதே காரணம்.

நீங்கள் கேட்ட மசோதாவின் கதை இந்த விதியை விளக்குவதற்கென்றே எழுதப்பட்டது போல இருக்கிறது. 1996 செப்டம்பரில் முதன்முறையாக மக்களவையில் அறிமுகமாகி, கீதா முகர்ஜி தலைமையிலான கூட்டுக்குழுவின் அறிக்கையும் அதே ஆண்டு டிசம்பரில் வந்துவிட்டது. ஓராண்டு கழித்து மக்களவை கலைந்தது, மசோதாவும் போயிற்று. 1998இல் மீண்டும் வந்தது, அந்த மக்களவையும் 1999இல் கலைந்தது. 1999இல் மூன்றாவது முறை வந்ததும் 2004இல் அதே முடிவை எட்டியது. இந்தப் பட்டறிவுக்குப் பிறகு 2008 மே மாதம் அதை மாநிலங்களவையில் அறிமுகம் செய்தார்கள். அந்த முடிவு பலித்தது. 2009இல் மக்களவை மாறியும் மசோதா உயிரோடு இருந்து, 2010 மார்ச் 9 அன்று ஒரே ஒரு எதிர்வாக்குக்கு எதிராக 186 வாக்குகளுடன் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவைக்கு வந்து சேர்ந்த பிறகு நான்காண்டுகள் அங்கே வாக்குக்கு வரவே இல்லை. 2014இல் அந்த மக்களவை முடிந்தபோது, ஓர் அவை முழுமையாக ஏற்றிருந்த மசோதா மறைந்தது.

2023 செப்டம்பர் 19 அன்று புதிய மசோதாவாக அறிமுகமானது; மறுநாள் மக்களவையில் 454 பேர் ஆதரவும் 2 பேர் எதிர்ப்பும்; அதற்கு மறுநாள் மாநிலங்களவையில் 214 பேரின் ஒருமித்த ஆதரவு. செப்டம்பர் 28இல் ஒப்புதல். 27 ஆண்டுகள் நகராதது பத்தே நாட்களில் முடிந்தது என்றால், இடையில் தடையாக நின்றது நடைமுறை விதிகள் அல்ல என்பதை நீங்களே உணர்வீர்கள். சட்டம் வந்தாலும், அதன் பின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அதை ஒட்டிய தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே ஒதுக்கீடு நடப்புக்கு வரும் என்று அச்சட்டத்திலேயே எழுதி நிறைவேற்றினார்கள். உள்ளாட்சியில் இடஒதுக்கீட்டின் மூலம் பொறுப்புக்கு வந்து, குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் நேரடியாகப் போராடியிருக்கும் உங்களைப் போன்றவர்களிடம் இன்னும் பொறுத்திருங்கள் என்று சொல்வதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

மாநிலங்களவை ஒரு மசோதாவை நிராகரித்தால் அதன் கதை முடிந்ததா? (ஒரு வாசகர், புதுச்சேரி)

மூன்று விதமாகப் பதில் சொல்ல வேண்டும். அரசியலமைப்புத் திருத்தம் என்றால் முடிந்தது. இரு அவைகளும் தனித்தனியே ஏற்றே ஆக வேண்டும். சாதாரண மசோதா என்றால் குடியரசுத் தலைவர் கூட்டுக் கூட்டத்துக்கு அழைக்கலாம். மற்ற அவை ஆறு மாதங்களுக்கு மேல் நிறைவேற்றாமல் வைத்திருந்தாலும் அழைக்கலாம். கூட்டத்துக்கு மக்களவைத் தலைவர் தலைமை தாங்குவார். 245 பேர் கொண்ட மாநிலங்களவையைவிட 543 பேர் கொண்ட மக்களவையின் கை அங்கே இயல்பாகவே ஓங்கும். இதுவரை மூன்று மசோதாக்களுக்காகவே கூட்டுக் கூட்டம் நடந்திருக்கிறது: 1961இல் வரதட்சணைத் தடுப்பு, 1978இல் வங்கிப் பணி ஆணைய நீக்கம், 2002இல் பொடா எனப்படும் பயங்கரவாதத் தடுப்பு. பொடா மாநிலங்களவையில் தோற்றுப்போய், மார்ச் 26 அன்று கூட்டுக் கூட்டத்தில் 425க்கு 296 என்ற கணக்கில் நிறைவேறியது.

மூன்றாவது, பண மசோதா. வரி, அரசின் கடன், தொகுப்பு நிதி ஆகியவற்றை மட்டுமே பற்றிய மசோதா இது. மாநிலங்களவை 14 நாட்களுக்குள் பரிந்துரைகளோடு திருப்பி அனுப்பலாம், நிராகரிக்க முடியாது, பரிந்துரைகளை ஏற்பதும் விடுவதும் மக்களவையின் விருப்பம். ஒரு மசோதா பண மசோதாவா என்பதை மக்களவைத் தலைவர் முடிவு செய்வதால், இங்கே ஒரு தீராத சர்ச்சை இருக்கிறது. 2016இல் ஆதார் மசோதா பண மசோதாவாக வந்தது. மார்ச் 16 அன்று மாநிலங்களவை ஐந்து திருத்தங்களைப் பரிந்துரைத்தது. அதே நாளில் மக்களவை அனைத்தையும் தள்ளியது. 2018இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர், பண மசோதாவாக நிறைவேற்றியது செல்லும் என்றார்கள். நீதிபதி சந்திரசூட் மட்டும் அது அரசியலமைப்பின் மீது இழைக்கப்பட்ட மோசடி என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். 2019 நவம்பரில் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றமே இந்தக் கேள்வியை ஏழு நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. "மட்டுமே" என்று, பண மசோதாவை வரையறுக்கும் அரசியலமைப்பின் 110ஆவது பிரிவில் உள்ள ஒரு சொல்லை எவ்வளவு கண்டிப்பாகப் படிக்க வேண்டும் என்பதில்தான் மாநிலங்களவையின் அதிகாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கண்டிப்பாகவே படிக்க வேண்டும் என்பது என் கருத்து. மாநிலங்களின் குரலுக்கென்று அமைந்த அவையை ஒரு சான்றிதழால் ஒதுக்கிவைக்க இயலுமானால், தமிழ்நாட்டின் 18 உறுப்பினர்களும் உங்கள் புதுச்சேரியின் ஒரே உறுப்பினரும் அங்கே எதற்காக அமர்ந்திருக்கிறார்கள்?

குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட மறுக்க முடியுமா? நான் தபால் துறையில் 34 ஆண்டுகள் பணியாற்றியவன். எங்கள் துறை மசோதா ஒன்று அப்படி நின்றுபோனது என்று மூத்தவர்கள் பேசிக்கொள்வார்கள். (ஓய்வுபெற்ற அஞ்சல் அலுவலர், கும்பகோணம்)

உங்கள் மூத்தவர்கள் சொன்னது சரி. அஞ்சல்களை இடைமறிக்கவும் தடுத்துவைக்கவும் அரசுக்கு விரிந்த அதிகாரம் தரும் இந்திய அஞ்சலகத் திருத்த மசோதா 1986இல் இரு அவைகளிலும் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் ஒப்புதல் தரவில்லை, மறுக்கவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. அரசியலமைப்பின் 111ஆவது பிரிவு, திருப்பி அனுப்புவதென்றால் கூடிய விரைவில் அனுப்ப வேண்டும் என்கிறதே தவிர நாள் எதையும் குறிக்கவில்லை. அந்த மௌனத்தை அவர் பயன்படுத்திக்கொண்டார். அவருக்குப் பின் வந்த ஆர். வெங்கட்ராமன் அதை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். அது சட்டமாகவே ஆகவில்லை.

திருப்பி அனுப்பிய மசோதாவை நாடாளுமன்றம் மீண்டும் நிறைவேற்றினால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தே ஆக வேண்டும். 2006இல் ஆதாயப் பதவிகள் பற்றிய மசோதாவை அப்துல் கலாம் திருப்பினார், இரு அவைகளும் மாற்றமின்றி மறுபடியும் நிறைவேற்றின, அவர் கையெழுத்திட்டார். பண மசோதாவைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் கிடையாது. அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 1971 முதல் ஒப்புதல் தருவது கட்டாயம்.

உங்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் செய்தி. 1898ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டத்துக்கு மாற்றாக 2023 டிசம்பரில் புதிய சட்டம் நிறைவேறியது. அதன் ஒன்பதாவது பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காக அஞ்சல்களை இடைமறிக்கும் அதிகாரம் அதில் இருக்கிறது. 1986இல் எழுந்த அந்தப் பழைய விவாதம் இப்போது ஏன் அதே அளவுக்கு எழவில்லை என்று உங்களைப் போல உறையைக் கையில் ஏந்தி வாழ்ந்தவர்கள் கேட்டால் அதற்கு எடை அதிகம்.

எதிர்க்கட்சி உறுப்பினர் கொண்டுவரும் மசோதா சட்டமாக முடியுமா? (ஒரு வாசகி, திருச்சி)

அமைச்சராக இல்லாத எந்த உறுப்பினரும், ஆளுங்கட்சியைச் சேர்ந்தவரும்கூட, தனிநபர் மசோதா கொண்டுவரலாம். வெள்ளிக்கிழமைகளில் கடைசி இரண்டரை மணி நேரம் இதற்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. 1952 முதல் இதுவரை 14 தனிநபர் மசோதாக்களே சட்டமாயின, கடைசியானது 1970இல். நாடாளுமன்ற நடவடிக்கைகளை வெளியிடும் நாளிதழ்களுக்குப் பாதுகாப்புத் தந்த 1956ஆம் ஆண்டுச் சட்டம் ஃபெரோஸ் காந்தி கொண்டுவந்த தனிநபர் மசோதாதான்.

உங்கள் ஊரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து வைத்திருக்கும் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றியது. மக்களவை அதை நிறைவேற்றவில்லை. அரசு தனியாக ஒரு மசோதா கொண்டுவந்து 2019இல் சட்டமாக்கியது. சிவாவின் மசோதாவில் இருந்த கல்வி, வேலைவாய்ப்பு இடஒதுக்கீடு அரசின் சட்டத்தில் இல்லை. ஆயினும் அரசைச் சட்டம் கொண்டுவர வைத்த காரணங்களுள் அந்த வெள்ளிக்கிழமைக்கும் இடம் உண்டு என்றே நினைக்கிறேன்.

குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்ட மறுநாளே சட்டம் அமலுக்கு வந்துவிடுமா? (ஒரு லாரி ஓட்டுநர், நாமக்கல்)

வரலாம், வராமலே போகவும் கூடும். பெரும்பாலான சட்டங்களின் முதல் பிரிவில், மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கும் நாளில் அமலுக்கு வரும் என்ற வாசகம் இருக்கும். அறிவிக்காவிட்டால் அது ஏட்டிலேயே தங்கிவிடும். 1995இல் ஒப்புதல் பெற்ற டெல்லி வாடகைச் சட்டம் அமலுக்கு வரவே இல்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2023 ஆகஸ்டில் ஒப்புதல் கிடைத்தும், அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்தும் 18 மாதங்கள் கழித்தே தொடங்கும் என்று அறிவித்தார்கள்.

உங்கள் தொழிலை நேரடியாகத் தொடும் எடுத்துக்காட்டே ஒன்று உண்டு. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 2023 டிசம்பர் 25 அன்று ஒப்புதல் பெற்றது. விபத்தில் ஒருவர் இறந்து, ஓட்டுநர் தகவல் தராமல் தப்பிச் சென்றால் பத்தாண்டு வரை சிறை என்ற 106ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவை எதிர்த்து 2024 ஜனவரித் தொடக்கத்தில் நாட்டின் பல பகுதிகளில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிப்ரவரியில் வந்த அறிவிக்கை, சட்டம் ஜூலை 1 முதல் அமலுக்கு வரும் என்றும், அந்த உட்பிரிவு மட்டும் வராது என்றும் சொன்னது. இரு அவைகளும் நிறைவேற்றி, குடியரசுத் தலைவரும் ஒப்புதல் தந்த ஒரு வாசகம் அமைச்சகத்தின் ஓர் அறிவிக்கையால் நிறுத்திவைக்கப்பட்டது. இன்னோர் அறிவிக்கையால் அதை என்றைக்கு வேண்டுமானாலும் நடைமுறைக்குக் கொண்டுவரவும் முடியும். ஆகவே உங்கள் சங்க அலுவலகத்தில் சட்டத்தின் பிரதி இருந்தால் மட்டும் போதாது. அதைப் பற்றி அரசிதழில் வரும் அறிவிக்கைகளையும் யாராவது ஒருவர் தொடர்ந்து பார்த்து, தேதியோடு குறித்து வைத்துக்கொள்வது நல்லது.